2070 வாக்கை நம்பலாமா? கேள்வி பதில்

மின்துறைக் கணக்குகளைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். காலநிலை இலக்குகள் பற்றி வந்த கேள்விகளுக்கு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, 2070க்குள் நெட் ஜீரோ, அதாவது விடுகிற உமிழ்வும் திரும்ப உறிஞ்சுவதும் சமமாகிவிடும் என்று 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பிரதமர் அறிவித்தார். அன்றைக்கு யார் சட்டையைப் பிடிப்பது?

பதில்: நியாயமான கோபம். அதனால்தான் 2070ஐ விட்டுவிட்டுப் பக்கத்து வருடங்களைப் பார்க்கிறேன். 2022க்குள் 175 கிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்றார்கள், அந்த வருடம் முடியும்போது தேறியது சுமார் 120. மாடி சோலாருக்கு வைத்த 40 கிகாவாட் இலக்கில் பத்தைக்கூடத் தொடவில்லை. பெரிய சோலார் பண்ணை என்றால் ஒரு டெண்டரில் வேலை முடியும், மாடி என்றால் வீடு வீடாக அனுமதி, மீட்டர், அப்புறம் நல்ல கட்டணம் கட்டுகிற வாடிக்கையாளர் கைநழுவிப் போவாரே என்று மின் விநியோகம் செய்பவர்களுக்கு ஒரு தயக்கம். எங்கள் மாடியில் பேனல் ஏற ஒரே நாள்தான் ஆனது, கிரிட்டுக்குப் போகிற, வருகிற மின்சாரத்தைக் கணக்குப் பார்க்கும் நெட் மீட்டர் வர மூன்று மாதம், அதுவரை பேனல்கள் சும்மா வெயில் காய்ந்தன.

கேள்வி: மேடம், பாதி மின்சாரம் இப்போதே பசுமை மின்சாரம் என்கிறார்களே, பொய்யா?

பதில்: பொய் இல்லை, ஆனால் பாதியானது நிறுவுதிறன், அதாவது நிலையங்களால் அதிகபட்சம் எவ்வளவு தயாரிக்க முடியும் என்ற கணக்கு, தயாரித்த மின்சாரம் அல்ல. 2030க்கு வைத்த 50 சதவீத இலக்கை 2025 ஜூனிலேயே தொட்டுவிட்டோம், அது உண்மையான சாதனை, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். இதில் அணுமின்சாரமும் பெரிய அணைகளும் சேர்த்தி. ஆனால் பொழுது சாய்ந்து வீடுகளில் லைட்டும் ஏசியும் ஓடும் ஏழு மணிக்கு சோலார் பூஜ்யம், அந்தச் சுமையைப் பெரும்பாலும் நிலக்கரிதான் தூக்குகிறது. வருடம் முழுவதும் உற்பத்தியாகிற மின்சாரத்தில் சுமார் முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. 2024-25இல் நம் நிலக்கரி உற்பத்தி முதல்முறையாக 100 கோடி டன்னைத் தாண்டியது. அதையும் சாதனையாகத்தான் கொண்டாடினார்கள். ஒரே அரசு இரண்டையும் கொண்டாடும்போது மக்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா?

கேள்வி: 2030க்குள் 2005ஐவிட 45 சதவீதம் குறைப்போம் என்று அரசு சொல்கிறதே, புகை பாதியாகுமா?

பதில்: ஆகாது. ஒரு ரூபாய் பொருளாதாரத்துக்கு எவ்வளவு உமிழ்வு என்பதைத்தான் குறைக்கிறார்கள். பொருளாதாரம் வளர வளர மொத்தம் கூடிக்கொண்டே போகலாம்.

கேள்வி: அமெரிக்காக்காரன் விடுகிற புகையில் நாம் எத்தனை பங்கு? நம் தலைவர்களை மட்டும் ஏன் குடைகிறீர்கள்?

பதில்: நம் நாட்டில் ஆளுக்கு இவ்வளவு என்று பார்த்தால் உமிழ்வு உலக சராசரியில் பாதிகூட இல்லை, சரிதான், பணக்கார நாடுகள்தான் முதலில் குறைக்க வேண்டும். ஆனால் மே மாத வெயிலில் சித்தாள் வேலைக்குப் போகிறவர் நம் ஊர்க்காரர், அவருக்காகக் கேட்கிறேன்.

கேள்வி: சரி, நாங்கள் என்னதான் கேட்பது?

பதில்: சட்டம் கேளுங்கள். பிரிட்டனில் 2008லேயே சட்டம் போட்டு ஐந்தாண்டுக்கு ஒரு உமிழ்வு வரம்பு வைத்தார்கள், 2022இல் அரசின் திட்டம் போதாது என்று லண்டன் உயர் நீதிமன்றமே திருப்பி அனுப்பியது. நெட் ஜீரோவுக்கு இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. 2024இல் கானமயில் என்ற அரிய பறவையைக் காக்கப் போட்ட வழக்கில், காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படுவது நம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, அதைப் பிடித்துக்கொள்ளலாம். உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது, அவர் பதவிக்காலம் முடிவதற்குள் ராத்திரி ஏழு மணிச் சுமைக்குப் பகல் சோலாரைச் சேமித்து வைக்க எத்தனை பேட்டரி வரும் என்று கேளுங்கள்.