லிவர் இறுகிவிட்டதா? ரோடு பைக் கேள்வி பதில்

ரோடு பைக்கில் (வளைந்த ஹேண்டில்பார் வைத்த வேக சைக்கிள்) கியர் லிவர், பிரேக் லிவர் இறுகுவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும். கேபிளில் ஓடும் வண்டிகளுக்கு மட்டும்.

திருவான்மியூர்: ஈசிஆரில் ஓட்டுகிறேன் அண்ணா. ஷிமானோ கம்பெனியின் 105 கியர் செட், பின்னால் 11 ஸ்பீடு. பின் கியர் லிவர் கல்லாகிவிட்டது. கடையில் லிவரையே மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றாதீர்கள். லிவர் மேல் பழி போடுவது கடைக்காரருக்குச் சுலபம், பில்லும் பெரிதாக வரும். முதலில் சங்கிலியைக் கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்து, பின் டீரெய்லரில் (சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் கருவி) கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்திவிடுங்கள். இப்போது கேபிளைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அவுட்டருக்குள் (கேபிள் ஓடும் வெளி உறை) கரகரவென்று உரசினால் ஆளைப் பிடித்தாயிற்று. சந்தேகம் தீரவில்லையென்றால் கேபிளை முழுசாக உருவிவிட்டு லிவரை வெறுமனே சொடுக்குங்கள். லேசாகச் சொடுக்க முடிந்தால் லிவர் மேல் குற்றம் இல்லை.

கடற்கரைச் சாலையில் ஓட்டுபவர்களுக்கு உப்புக்காற்று பெரிய எதிரி. உள்ளே ஓடும் கேபிள் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ், அது தாக்குப்பிடிக்கும். அவுட்டரின் முனையில் இருக்கும் இரும்புக் கம்பிகள் துருப்பிடிக்கும். அதிலும் பின் டீரெய்லருக்குப் போகும் அந்தக் கடைசி வளைவுத் துண்டு இருக்கிறதே, தண்ணீர், மணல் எல்லாம் கேபிள் வழியாக வழிந்து நேராக அதற்குள்தான் போகும். அந்த ஒரு துண்டை மாற்றினாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை முடிந்துவிடும். அப்புறம் வண்டியைத் தலைகீழாக்கி பாட்டம் பிராக்கெட்டுக்கு (பெடல் தண்டு சுழலும் இடம்) கீழே உள்ள பிளாஸ்டிக் கேபிள் வழிகாட்டியைப் பாருங்கள். பாட்டிலில் இருந்து சிந்தும் சர்க்கரைத் தண்ணீர் சேறோடு சேர்ந்து அங்கே பாறையாகியிருக்கும்.

இன்னொன்று. 11 ஸ்பீடு ஷிமானோ லிவர்களுக்குள் கேபிள் தலைக்குப் பக்கத்திலேயே இழை இழையாகப் பிய்வது ஊரறிந்த வியாதி. லிவர் இறுகுவதோடு கியரும் தப்பித் தப்பி விழுந்தால் சொடுக்குவதை நிறுத்திவிட்டு உடனே கேபிளை உருவுங்கள். உள்ளேயே அறுந்து தலை மாட்டிக்கொண்டால் இடுக்கியோடு ஒரு சாயங்காலம் போய்விடும்.

கோவை: பழைய வண்டி, ரொம்ப நாள் சும்மா நின்றது. லிவரை அழுத்தினால் சொடக்கே இல்லை, சும்மா ஆடுகிறது.

இது கேபிள் இல்லை, லிவரேதான். உள்ளே பல்லில் விழுந்து பிடிக்க வேண்டிய சின்னக் கொக்கி, காய்ந்துபோன கிரீஸில் ஒட்டிக்கொண்டு விழாமல் நிற்கிறது. 1990-ல் டியூரா-ஏஸ் என்ற தன் உயர்ரக செட்டில் பிரேக்கையும் கியரையும் ஒரே லிவரில் ஷிமானோ சேர்த்ததிலிருந்து இருக்கிற கதை இது. பெரும்பாலும் கழுவினால் போதும்.

ஹூட் ரப்பரை (லிவர் மேல் கை வைக்கும் இடத்து உறை) மடித்துவிட்டு, கீழே பழைய துணி போட்டு, டபிள்யூடி-40 மாதிரி நீர்த்த ஸ்பிரேயை உள்ளே தாராளமாக அடியுங்கள். அடித்துவிட்டு இரண்டு லிவர்களையும் விடாமல் சொடுக்கிக்கொண்டே இருங்கள். பழுப்பாக ஒழுகும். தெளிவாக ஒழுகும் வரை திரும்பத் திரும்ப அடியுங்கள். முதல் பத்து நிமிஷம் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும், அதற்காக விட்டுவிடாதீர்கள். கொக்கி பிடிக்க ஆரம்பித்ததும் நன்றாகக் காயவிட்டு மெல்லிய எண்ணெய் சில சொட்டு விடுங்கள். கெட்டி கிரீஸ் வைத்தால் சில வருஷத்தில் மறுபடி இதே கேள்வியோடு வருவீர்கள்.

ஷிமானோ லிவரைக் கழற்றிப் பிரிக்காதீர்கள். உள்ளே இருக்கும் சுருள்கம்பி தெறித்தால் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டியதுதான். கம்பக்னோலோ கம்பெனியின் பழைய எர்கோபவர் லிவர் வைத்திருப்பவர்கள் பிரிக்கலாம், அதைப் பிரித்துச் சரிசெய்யும்படியே செய்தார்கள்.

மதுரை: லிவருக்குள் டபிள்யூடி-40 அடிக்கலாமா?

கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். கழுவ அடிக்கலாம். அடித்ததோடு நிறுத்தக் கூடாது. 1953-ல் சான் டியாகோவில் அதை உருவாக்கியதே ஈரத்தை விரட்டத்தான். ஆவியானதும் மிஞ்சுகிற மெல்லிய படலம் ரொம்ப நாள் தாங்காது.

நாகர்கோவில்: ஸ்பிரே எல்லாம் எதற்கு சார்? நான் லிவர், கேபிள் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான் விடுகிறேன். வெண்ணெயாக ஓடுகிறது.

வெண்ணெய் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். அந்த வண்டியோடு ஒரு டிசம்பரில் ஊட்டிக்குப் போய்ப் பாருங்கள்.

நாகர்கோவில்: நான் ஏன் சார் ஊட்டிக்குப் போகப்போகிறேன்?

போகாவிட்டாலும் சாலைத் தூசு உங்களைத் தேடி வரும். எண்ணெய் ஊறிய அவுட்டருக்குள் தூசு சேர்ந்தால் அரைத்த மாவுதான்.

குன்னூர்: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். சமவெளியிலிருந்து, ஊட்டிக்குப் போகும் கல்லட்டி மலைப்பாதையில் ஏற வந்த நண்பர் ஒருவர் இப்படித்தான் எண்ணெய் விட்டிருந்தார். காலையில் கியர் விழவே இல்லை, வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிட்டது. நல்லெண்ணெய் என்றால் உறையாதே, அதை விடலாமா?

முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுக்கு ஒரே கியரா? பாவம் அவர். நல்லெண்ணெய் இன்னும் மோசம். காற்றுப்பட்டால் நாளடைவில் பிசினாகும், சமையலறையில் எண்ணெய்த் தூக்கின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் தெரியும்.

நாகர்கோவில்: அப்போ எங்கள் தாத்தா சைக்கிளுக்கு எல்லாம் இதைத்தானே விட்டார்கள்?

தாத்தா சைக்கிளில் பிரேக்குக்கு இரும்புக் கம்பிதான், கேபிளே இல்லை. கியரும் இல்லை. வீட்டில் இருப்பதைத்தான் விடுவேன் என்றால் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். மெல்லியது, பிசினாகாது, உறையாது, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். எண்ணெய்ப் பஞ்சாயத்து இத்தோடு முடிந்தது.

சேலம்: பின் பிரேக் இறுக்கம். மெக்கானிக் அவுட்டர் மாற்றினார். மெல்லிசாக, அழகாக இருக்கிறது. ஆனால் பிரேக் என்னவோ போல் இருக்கிறது.

மெல்லிசா? இதைப் படித்ததும் வண்டியை எடுக்காதீர்கள். பிரேக் அவுட்டர் பொதுவாக 5 மில்லிமீட்டர், கியர் அவுட்டர் 4. பிரேக் அவுட்டருக்குள் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், அமுக்கத்தைத் தாங்கும். கியர் அவுட்டருக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், மேலே உள்ள பிளாஸ்டிக் மட்டும்தான் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அவசரத்துக்கு ஓங்கிப் பிரேக் பிடித்தால் அது வெடித்துப் பிரியலாம், பிரேக் அந்த நொடியே இல்லை. போட்டது கியர் அவுட்டர்தானா என்று இன்றே பாருங்கள்.

புதிதாகப் போடும்போது முனையைச் சதுரமாக வெட்டி, அரத்தால் தேய்த்து, நசுங்கிய உள்குழாயை ஊசியால் திறந்துவிடச் சொல்லுங்கள். இடுக்கியால் கடித்து வெட்டிய அவுட்டர் புதிதாக இருந்தாலும் உரசும். கேபிளை விடுவித்த பிறகு காலிப்பரை (ரிம்மைப் பிடிக்கும் பிரேக் இடுக்கி) கையால் அமுக்கிவிடுங்கள். சட்டென்று திரும்பாவிட்டால் அதன் மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய். ரப்பர் கட்டையிலோ ரிம்மிலோ பட்டுவிடக் கூடாது.

திருச்சி: டபிள்யூடி-40 போட்டால் லிவர் சரியாகுமா?

மேலே.

வேளச்சேரி: புதிய வண்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கு மட்டும் பிரேக் பிடிக்கக் கை வலிக்கிறது. என் கை சின்னது.

ஹூட் மேல் கை வைத்துப் பிடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன் மேடம். அங்கே விரல் லிவரின் மூட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் பலம் அதிகம் வேண்டும். ஹேண்டில்பார் வளைவின் கீழ்ப்பக்கம் பிடித்து அமுக்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். பெரும்பாலான புதிய லிவர்களில் தூரத்தைக் குறைக்கச் சின்ன ஸ்க்ரூ உண்டு. அதைத் திருகி லிவரை உள்ளே கொண்டுவந்த பிறகு, அமுக்கினால் லிவர் ஹேண்டில்பாரில் முட்டாமல் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

ஓசூர்: ஹைட்ராலிக் டிஸ்க், லிவர் இறுக்கம்.

அதற்குத் தெரிந்த கடைக்குப் போங்கள். ஒன்றே ஒன்று: ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராம் கம்பெனியின் ரோடு பிரேக்குகளுக்கு டாட் (DOT) எனும் பிரேக் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பரெல்லாம் போச்சு.

புதுச்சேரி: இடது லிவர் மட்டும் வலதை விடக் கனமாக இருக்கிறது. டபிள்யூடி-40...

வேண்டாம்! முன் டீரெய்லர் சங்கிலியைச் சின்னப் பல்லிலிருந்து பெரிய பல்லுக்குத் தூக்கிப் போட வேண்டும், அதனால் இடது எப்போதுமே கொஞ்சம் கனம்தான். திடீரென்று கனமாகியிருந்தால் மட்டும் திருவான்மியூர்க்காரருக்குச் சொன்ன சோதனையை முன் கேபிளுக்குச் செய்யுங்கள். சங்கிலி சின்னப் பல்லில் இருக்கட்டும்.