ஐந்து நாளில் மனச்சோர்வு தீருமா? வாசகர் கேள்விகளுக்கு மனநல வைத்தியரின் பதில்கள்

கேள்வி (ஹட்டன்): காந்தத்தால் மூளையைத் தூண்டி ஐந்தே நாளில் மனச்சோர்வைக் குணமாக்குகிறார்களாமே? அது 'கரண்ட் வைப்பது'தானா?

பதில்: இல்லை. கரண்ட் வைப்பது என்று நம் பக்கம் சொல்லப்படும் சிகிச்சை, மயக்க மருந்து கொடுத்து வலிப்பை உண்டாக்கிச் செய்யப்படுவது (கடும் நோய்க்கு அது இன்றும் நன்கு பலனளிப்பது, அதன்மீதுள்ள பயம்தான் அளவுக்கு மீறியது). காந்தத் தூண்டலில் நோயாளி விழித்தபடியே அமர்ந்திருக்க, தலையோடு ஒட்டி ஒரு கம்பிச்சுருளை வைப்பார்கள். கட்டைவிரல் தன்னால் துள்ளும் இடத்தை முதலில் தேடி, அந்தத் துள்ளலைக் கொண்டே விசையின் அளவைத் தீர்மானிப்பார்கள்.

ஐந்து நாள் முறை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2022இல் அந்நாட்டில் அனுமதி பெற்றது. நாளுக்கு 10 அமர்வுகள். ஆய்வில் உண்மைத் தூண்டல் பெற்ற 14 பேரில் 11 பேருக்கு, நான்கு வாரத்துக்குள் நோயறிகுறிகள் பெரும்பாலும் நீங்கின. போலித் தூண்டல் பெற்ற 15 பேரில் இருவருக்கே அப்படி நடந்தது. நல்ல முடிவுதான், ஆனால் ஒரே தோட்ட லயத்தில் (வரிசை வீடுகளில்) குடியிருப்பவர்களை எண்ணினாலும் 29 பேருக்கு மேல் வருவார்கள்.

கேள்வி (பண்டாரவளை): எம்.ஆர்.ஐ. எடுத்து இடம் குறித்தால்தான் பலிக்குமா?

பதில்: முன்பெல்லாம் விரல் துள்ளிய இடத்திலிருந்து சுமார் 5 செ.மீ. முன்னால் அளந்து சுருளை வைத்தார்கள்; எல்லாத் தலையும் ஒரே அளவில்லாததால் பலருக்குக் குறி தவறியது. இப்போது மூளை இயக்கத்தைப் படம்பிடித்து, ஆழத்திலுள்ள உணர்ச்சிப் பகுதி ஓங்கும்போது தான் தணிகிற புள்ளியை இடது முன்மூளையில் தேடுகிறார்கள். கேட்க அழகான தர்க்கம். ஆனால் 255 பேரைக் கொண்டு பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வில், மூளை இயக்கத்தைப் பார்த்துக் குறித்தவர்களும், மூளையின் அமைப்புப் படத்தை மட்டும் வைத்துக் குறித்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேறினார்கள். ஆகவே 'எங்கள் ஸ்கேன் விசேஷமானது' என்று யாராவது கூடுதலாகப் பணம் கேட்டால், என் வீட்டாருக்கு என்றாலும் நான் கொடுக்கமாட்டேன்.

கேள்வி (மஸ்கெலியா): பல்லில் அடைப்பு இருக்கிறது. ஆபத்தா?

பதில்: இல்லை. மூளை இரத்தக்குழாயில் கிளிப், அறுவைச் சிகிச்சையால் காதுக்குள் பொருத்திய செவிக்கருவி போன்றவைதான் தடை. முன்பு வலிப்பு வந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

கேள்வி (பொகவந்தலாவை): மாத்திரை கேட்கவில்லை. நிறுத்திவிட்டு இதற்குக் காத்திருக்கலாமா?

பதில்: நிறுத்தவேண்டாம். மருந்து கேட்கிறதா என்று சொல்ல, சரியான அளவில் நான்கு முதல் ஆறு வாரமாவது வேண்டும். கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் (நாள் சம்பளம்) போய்விடும் என்று கொழுந்து பறிக்கும் பெண்கள் திகதியைத் தவறவிடுவதை நான் அடிக்கடி காண்கிறேன். இடையில் மாத்திரை தீர்ந்த நாட்களைக் கழித்துவிட்டு எண்ணிப் பாருங்கள். கிளினிக் கொப்பியோடு மிச்ச மாத்திரை அட்டைகளையும் கொண்டுவந்தால் வைத்தியருக்கு அது தெரிந்துவிடும். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் திகதிக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள், அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை அழையுங்கள்.