சரமக்காக்களின் காடு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கண்டங்களின் நில உரிமை பற்றிய உங்கள் குறிப்பில் பூர்வகுடிகளையும் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போகிறீர்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு நடந்தது கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் அவர்களும் வெளியிலிருந்து வந்தவர்கள்தானே? அவர்களுக்கும் காட்டில் பங்கு கொடுத்தால் உண்மையான பூர்வகுடிகளின் உரிமை நீர்த்துப்போகாதா? நம் நாட்டில் இப்படி ஏதாவது உண்டா?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். தென்னமெரிக்காவின் வடகோடியில் உள்ள சூரினாமில் இதற்கு ஒரு வழக்கே நடந்திருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

சரமக்கா மக்களின் முன்னோர் டச்சுக்காரர்களின் தோட்டங்களிலிருந்து தப்பி, சூரினாம் ஆற்றின் மேல்பகுதிக் காட்டுக்குள் போன அடிமைகள். பிடிக்க வந்த படைகளோடு பல பத்தாண்டுகள் சண்டை போட்டார்கள். ஜெயிக்க முடியாத டச்சுக்காரர்கள் 1762-ல் அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். சூரினாமில் அடிமை முறை ஒழிந்தது 1863-ல்தான். அதற்கு நூறு வருஷம் முன்பே இவர்கள் சுதந்திர மனிதர்கள். (உடன்படிக்கையில் கசப்பான ஷரத்து ஒன்றும் உண்டு: இனிமேல் தப்பி வருகிறவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். வெறும் வீரக் கதையாகச் சொல்கிறவர்கள் இதை நைசாக விட்டுவிடுவார்கள்.)

அந்தக் காட்டில் நிலம் தனி ஆளின் பெயரில் இல்லை. 'லோ' எனப்படும் தாய்வழிக் குலங்களுக்குச் சொந்தம். எந்தக் குலத்தின் காட்டில் யார் வேட்டையாடலாம், யார் மரம் வெட்டலாம் என்பதற்கெல்லாம் முறை இருக்கிறது. பட்டா மட்டும் கிடையாது. அரசின் கணக்கில் அது அரசாங்கக் காடு.

1960-களில் அங்கே ஆஃபோபாக்கா அணை வந்தது. அல்கோவா நிறுவனத்தின் அலுமினிய ஆலைக்கு மின்சாரம் வேண்டும், அதற்காக. சரமக்காக்களின் நிலத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீருக்குள் போனது. சுமார் 6,000 பேர் ஊரைக் காலி செய்தார்கள். மரங்களை வெட்டக்கூட இல்லை, அப்படியே மூழ்கவிட்டார்கள். பட்டுப்போன மரங்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் ஏரியில் நீட்டிக்கொண்டு நின்றன. தண்ணீர் ஏறியபோது சிக்கிக்கொண்ட விலங்குகளைக் காப்பாற்ற வெளிநாட்டு விலங்கு நல அமைப்பு ஒன்று படகுகளோடு வந்து, 10,000 விலங்குகள் வரை மீட்டது. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் மூழ்குகிற நிலம் யாருடையது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அப்புறம் 1990-களில், மிச்சமிருந்த காட்டிலும் வெளிநாட்டுக் கம்பெனிகள் மரம் வெட்ட அரசு உரிமம் கொடுத்தது. இந்த முறை ஊர்த்தலைவர் வாஸன் எடுவார்ட்ஸ், சட்டம் படித்துக்கொண்டிருந்த ஹூகோ ஜபினி போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் ஆட்களைத் திரட்டினார்கள். வழக்கு, கோஸ்டாரிகாவில் இருக்கும் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. சரமக்காக்களில் பலர் நகரத்தில் வாழ்கிறார்கள், நவீன வாழ்க்கையோடு கலந்துவிட்டார்கள் என்றெல்லாம் அரசு வாதாடிப் பார்த்தது. 2007 நவம்பரில் தீர்ப்பு. சரமக்காக்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள் அல்ல என்பதை நீதிமன்றம் ஒளிக்கவில்லை. ஆனால் தங்களுக்கென்று தனி வழக்கமும் நிலத்தோடு தனி உறவும் கொண்ட சமூகமாக வாழ்வதால் பூர்வகுடிகளுக்குரிய அதே பாதுகாப்பு இவர்களுக்கும் உண்டு என்றது. நிலத்துக்கு எல்லை குறித்துக் கூட்டு உரிமை கொடு, எந்தத் திட்டத்துக்கும் முன்னால் கலந்து பேசு, லாபத்தில் பங்கு கொடு, பெரிய திட்டம் என்றால் சம்மதம் வாங்கு என்று உத்தரவு.

இப்போது உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். அதே சூரினாமில் காலினா, லொகோனோ என்ற இரண்டு பூர்வகுடிகள் தங்கள் நிலத்துக்காக அதே நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015-ல் ஜெயித்தார்கள். அந்தத் தீர்ப்பு சரமக்கா தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறது. 'வந்தவர்கள்' வாங்கிய தீர்ப்பு 'இருந்தவர்களுக்கு' உதவியிருக்கிறது.

நிகரகுவாவில் ராமா என்ற பூர்வகுடியும், கிரியோல் என்ற ஆப்பிரிக்க வம்சாவளியினரும் 2009-ல் ஒரே நிலப்பரப்புக்குச் சேர்ந்தே பட்டயம் வாங்கினார்கள். இப்போது அவர்களுக்குத் தொல்லை, காட்டை அழித்து உள்ளே நுழைகிற குடியேறிகள். எல்லா இடத்திலும் இப்படி ஒற்றுமை என்று சொல்ல மாட்டேன். கொலம்பியாவின் காவ்கா பகுதியில் இரு தரப்புக்கும் எல்லைத் தகராறு உண்டு. ஆனால் 'இவர்களுக்குக் கொடுத்தால் நாளைக்கு ஆப்பிரிக்க வம்சாவளியினர் எல்லோரும் காடு கேட்பார்களே' என்று பயப்படுவது சரியில்லை. பிரேசிலின் ரியோ நகரத்துச் சேரியில் வாழும் கறுப்பின இளைஞன் காடு கேட்கவில்லை. அவனுக்குப் பிரச்சினை போலீஸ், படிப்பு, வேலை. அது வேறு வழக்கு.

நம் நாட்டில் உண்டா என்றால், உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டக் காடுகளில் சித்தி மக்கள் இருக்கிறார்கள், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் அவர்களில் உண்டு. 2003-ல் அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தார்கள். 2020-ல் சாந்தாராம் சித்தி மாநில மேலவைக்கு நியமிக்கப்பட்டார். பட்டியலில் இருப்பதால் என்ன லாபம் என்று கேட்கலாம். 2006 வன உரிமைச் சட்டப்படி, பட்டியல் பழங்குடி என்றால் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அந்தக் காட்டில் வாழ்ந்து வருவதாகக் காட்டினால் போதும். பட்டியலில் இல்லாத மற்ற வனவாசிகள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கே இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். காட்டில் பிறந்த தாத்தாவுக்கு யாரிடம் போய்ச் சான்றிதழ் வாங்குவது?

சூரினாமில் இதைவிட மோசம். இரண்டு தீர்ப்பு வந்தும் சரமக்காக்களுக்கும் நிலப் பட்டயம் வரவில்லை, காலினா, லொகோனோ மக்களுக்கும் வரவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்