68 வயதில் ஒரு சண்டை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ‘தி ஈக்வலைசர் 3’ வந்தபோது (2023) டென்சல் வாஷிங்டனுக்கு 68 வயது. தனி ஆளாக இத்தாலிய மாஃபியாவை முடிக்கிறார். எப்படி நம்ப முடிகிறது?

பதில்: வயதை மறைக்காமல் கதைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார் இயக்குநர் அந்துவான் ஃபுகுவா. தொடக்கத்திலேயே நாயகன் முதுகில் குண்டு வாங்குகிறார். அப்புறம் வெகுநேரம் கைத்தடி ஊன்றித்தான் கதை நடக்கும் இத்தாலிய ஊரின் படிக்கட்டுகளில் ஏறுகிறார். இவர் துரத்தி ஓடுவார், மாடி தாண்டுவார் என்று நமக்கு எதிர்பார்ப்பே வருவதில்லை.

அந்த உணவகக் காட்சியை மறுபடி பாருங்கள். ரவுடியின் கையைப் பிடித்து நரம்பை அழுத்துகிறார். வலி இப்போது எத்தனையாவது அளவில் இருக்கிறது என்று நிதானமாகச் சொல்லிச் சொல்லி அழுத்தத்தைக் கூட்டுகிறார். நெளிவதும் முனகுவதும் எதிராளியின் வேலை. டூப் வேண்டாம், ரோப் வேண்டாம், குளோசப்பிலேயே சண்டை முடிந்துவிடுகிறது. கடைசியில் வில்லன் வீட்டிலும் இருட்டில் ஒவ்வொருவராகத்தான் தீர்க்கிறார்.

கேள்வி: ‘டேக்கன் 3’இல் லியாம் நீசன் வேலி தாண்டும் இடம் ஏன் கண்ணை உறுத்துகிறது?

பதில்: சுமார் 6 நொடிக்குள் பத்துக்கும் மேற்பட்ட கட். ஆள் எந்தப் பக்கம் போகிறார் என்று கண் பிடிப்பதற்குள் அடுத்த ஷாட் வந்துவிடுகிறது. இரண்டே ஷாட் போதும். டூப் தாண்டுவதைத் தூரத்திலிருந்து ஒன்று. மறுபக்கம் நாயகன் கையை ஊன்றி எழுவது ஒன்று. எழும்போது சிரமம் தெரியட்டும், தப்பில்லை.

கேள்வி: குறும்படம் எடுக்கிறோம். நாயகருக்கு 60 தாண்டிவிட்டது. சண்டையை எப்படிப் பிரிப்பது?

பதில்: ஒரு ஷாட்டுக்கு இரண்டு, மூன்று மூவ்மென்ட்டுக்கு மேல் வைக்காதீர்கள். குத்து முகத்திலிருந்து முக்கால் அடியாவது தள்ளிப் போக வேண்டும். கேமரா அடிப்பவர் தோளுக்குப் பின்னாலோ வாங்குபவர் தோளுக்குப் பின்னாலோ இருந்தால் அந்த இடைவெளி தெரியாது; பக்கவாட்டில் வைத்தால் அம்பலமாகிவிடும். குத்தின் பலம் வாங்குபவர் தலை திரும்புவதில்தான் இருக்கிறது. அது கொஞ்சம் பிந்தினாலும் காட்சி போச்சு. அதனால் நல்ல ஃபைட்டரை அந்தப் பக்கம் நிறுத்துங்கள்.

வேகம் போதவில்லை என்றால் நொடிக்கு 22 ஃப்ரேமில் எடுத்து 24இல் ஓட்டுங்கள், சுமார் 9 சதவீதம் கூடும். அதற்கும் கீழே இறங்க இறங்க நடையும் துணி அசைவும் ஊமைப்படம் போலத் துடிக்க ஆரம்பிக்கும். விழுகிற ஷாட்டை டூப்பிடம் விட்டுவிடுங்கள், அவருக்கும் பெட் போடாமல் எடுக்கவே கூடாது. நாயகரின் வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் படமல்ல, ஆளே படுத்துவிடுவார். நாயகரின் ஷாட்களைக் காலையிலேயே முடியுங்கள். களைத்தால் தூரக்கணக்கு தப்பும், நிஜமாகவே பட்டுவிடும்.

கேள்வி: ‘ஜெயிலர்’ ரஜினி அதிகம் அடிக்கவே இல்லையே?

பதில்: அது இயக்குநர் நெல்சனின் நல்ல முடிவு. நாயகன் உத்தரவு போடுகிறார், சுடுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். 70 தாண்டிய நடிகருக்கு முகமும் பார்வையும் போதும்.

கேள்வி: ‘ஈக்வலைசர் 3’இல் வரும் இத்தாலியக் குற்றக் கும்பல் கமோரா. தலைவன் செத்தால் அது ஓய்ந்துவிடுமா?

பதில்: ஓயாது. நேபிள்ஸ் வட்டாரத்துக் கமோராவுக்குச் சிசிலி மாஃபியா மாதிரி மேலிருந்து கீழாக ஒரே அடுக்கு கிடையாது, தனித்தனிக் குழுக்கள். ஒரு குழு விழுந்தால் பக்கத்துக் குழு இடத்தைப் பிடிக்கும். ‘ஈக்வலைசர் 3’இல் ஊரே நிம்மதியாகிக் கொண்டாடும் முடிவு மட்டும் அதனால்தான் ஒட்டவில்லை.