ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம்

போன சனிக்கிழமை மகளின் மேற்படிப்பு பற்றி யோசனை கேட்டுச் சமூக மன்றத்தில் நீங்களும் உங்கள் கணவரும் என் எதிரே உட்கார்ந்திருந்தபோது, "கவலைப்படாதீர்கள், பிள்ளை கெட்டிக்காரி, பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. அன்று மென்று விழுங்கியதை இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா.

நீங்கள் கொண்டுவந்த கோப்பில் உயர்நிலை மூன்றின் இறுதி மதிப்பெண்கள் இருந்தன. தமிழ் ஏ1. ஆங்கிலம் பி3. உயிரியல் சி6. வேதியியல் டி7, அதாவது தேர்ச்சி இல்லை. அதோடு இரண்டு டியூஷன் ரசீது, ஓர் ஏஜெண்டின் வழவழப்பான விளம்பரத்தாள். அதில் "ஓ நிலைத் தேர்வு முடித்ததும் ஓராண்டு ஃபவுண்டேஷன், ஆறாண்டு மருத்துவம், இடம் உறுதி" என்று போட்டிருந்தது. உங்கள் நாத்தனாரின் மகன் மருத்துவம் படிக்கிறான். அவரே இந்த ஏஜெண்டைக் காட்டியிருக்கிறார். ஐந்தறை வீட்டை விற்று மூன்றறைக்கு மாறினால் முதல் இரண்டு ஆண்டுச் செலவு தேறும் என்று கணக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறார். நீங்களோ மகளுக்கு இடம் கிடைத்தால் ஐந்து தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பேச்சுக்கு நடுவில் புகாராக ஒன்று சொன்னீர்கள்: "ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் வகுப்பில் மூணு மணி நேரம் வீணாப் போகுது சார், அந்த நேரத்தில் கெமிஸ்ட்ரி படிக்கலாம்." நான் அன்று தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது. நீங்கள் கொண்டுவந்த விவரங்களிலேயே மிக முக்கியமானது அதுதான், மதிப்பெண் பட்டியலைவிட.

முதலில் ஏஜெண்டின் தாளை முடித்துவிடுவோம், அதில் பேச அதிகம் இல்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு வருபவர் இங்கே சிங்கப்பூரில் மருத்துவராகப் பதிவுசெய்ய வேண்டுமானால், அந்தக் கல்லூரி அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்க வேண்டும். 2020 ஜனவரியில் அந்தப் பட்டியலை 160இலிருந்து 103 ஆகச் சுருக்கினார்கள். பிறகு சில கல்லூரிகள் சேர்ந்தன, அவ்வளவே. விளம்பரத்தாளை இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன். கல்லூரியின் கட்டடப் படம் இருக்கிறது, விடுதிச் சாப்பாட்டின் படம்கூட இருக்கிறது. பட்டியலைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏழு ஆண்டு கழித்துத் திரும்பி வரும் பிள்ளை இந்த ஊரில் ஸ்டெதஸ்கோப்பைத் தொட முடியாமல் போனால் அந்த ஏஜெண்டின் கைப்பேசி எண் வேலை செய்யுமா?

அடுத்தது பணம். இதில் நான் வளைந்துகொடுக்க மாட்டேன். உங்கள் கணவருக்கு 51 வயது, துவாஸில் கப்பல் பட்டறை வேலை. மத்திய சேமநிதியின் கல்விக் கடன் திட்டம் உள்ளூரில் அரசாங்கம் கட்டணக் கழிவு தரும் படிப்புகளுக்குத்தான், வெளிநாட்டுக் கல்லூரிக்கு அதிலிருந்து ஒரு காசு எடுக்க முடியாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்கவும் முடியாது, ஆகவேதான் "வித்துடுங்க" என்கிறார்கள். விற்ற பணம் முதல் இரண்டு ஆண்டுக்கு. மிச்ச ஐந்து ஆண்டு எங்கிருந்து? தொடக்கநிலை ஐந்தில் இருக்கும் தம்பியின் முறை வரும்போது வீட்டில் என்ன இருக்கும்? நாத்தனார் கணக்கில் இந்த வரிசையே இல்லை. சொந்தக்காரர்கள் போட்டுத் தரும் கணக்கில் எப்போதும் வரவுப் பக்கம்தான் இருக்கும்.

உள்ளூரில் முயன்றால் என்ன என்பீர்கள். டி7 வேதியியலோடு உள்ளூர் மருத்துவக் கல்லூரியைப் பற்றிப் பேசுவது பிள்ளையைக் கேலி செய்வது போல. அவள் எவ்வளவு முயல்கிறாள் தெரியுமா என்றீர்கள். தெரியும். இரண்டு டியூஷன், நள்ளிரவு வரை விளக்கு. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பையனின் அப்பாவிடம், "இன்னும் ஒரு தடவை முயன்று பாருங்களேன்" என்று சொன்னேன். பையன் திரும்பவும் எழுதினான், அப்புறம் இன்னொரு தடவையும் எழுதினான். இரண்டு ஆண்டு போயிற்று. அவனுக்குப் பிடித்தது சமையல் என்று எனக்கு அப்போதே தெரியும். அந்தத் தவறு என்னுடையது. விடாமுயற்சி என்ற சொல்லை அன்றிலிருந்து பார்த்துத்தான் பயன்படுத்துகிறேன்.

உங்கள் மகளின் விடாமுயற்சி எங்கே இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள், கவனிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் கோயில் வகுப்பில் பாய் விரிக்கப் போனவள். நான்கு ஆண்டாக, தேர்வு வாரத்தில்கூட ஒரு ஞாயிறு விட்டதில்லை. இப்போது நான்கு முதல் ஆறு வயது வரை பதினான்கு பிள்ளைகள் அவள் பொறுப்பு. பிட்டுக்கு மண் சுமந்த கதையைச் சொல்ல, காலி ஐஸ்கிரீம் டப்பாக்களைப் பிள்ளைகள் தலையில் ஏற்றிவிட்டு, வைகைக் கரையென்று நீல துப்பட்டாவை விரித்திருக்கிறாள். பாண்டியன் அடித்த பிரம்படி எல்லார் முதுகிலும் விழும் இடத்தில் பதினான்கு பேரும் ஒன்றாக "ஆ!" என்று கத்தினார்களாம். குருக்கள் ஓடிவந்து பார்த்தாராம். வீட்டில் ஒரு சொல் தமிழ் பேசாத ஒரு பையன் அன்று வந்தி பாட்டியைப் பார்த்து "பிட்டு குடு பாட்டி" என்றானாம். இதையெல்லாம் நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள், பிறகு சட்டென்று முகம் மாறி "இதெல்லாம் சோறு போடுமா" என்றீர்கள்.

போடும். எப்படி என்று சொல்கிறேன். தொடக்கக் கல்லூரி, பொறியியல், கணக்கியல், கணினி பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவை ஏற்கெனவே தேவைக்கு மேல் பேசப்படுகின்றன.

கிளமெண்டி சாலையில் இருக்கும் நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தமிழியலும் பாலர் கல்வியும் சேர்ந்த மூன்று ஆண்டு டிப்ளோமா ஒன்று இருக்கிறது. நான் சந்திக்கும் பத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒன்பதுக்கு இது காதில்கூட விழுந்ததில்லை. ஒரு பக்கம் தமிழ் இலக்கணம், இலக்கியம், மொழி. இன்னொரு பக்கம் சிறு பிள்ளையின் வளர்ச்சி, மூன்று வயதுக் குழந்தை இரண்டு மொழிகளை எப்படிப் பிரித்து எடுக்கிறது, கதையை, பாட்டை, விளையாட்டைப் பாடமாக்குவது எப்படி, அப்புறம் உண்மையான பாலர் பள்ளிகளில் பயிற்சி. உங்கள் மகள் டப்பாவையும் துப்பட்டாவையும் வைத்து ஊகத்தில் செய்ததை இங்கே காரணத்தோடு கற்றுக்கொள்வாள். ஏன் அந்தப் பையன் இத்தனை நாள் தமிழில் வாயைத் திறக்காமல் ஒரு நாடகத்தில் திறந்தான் என்பதற்கு விடை இருக்கிறது, அதைப் படிப்பதே ஒரு துறை.

"பாலர் பள்ளி டீச்சர் என்றால் ஆயா வேலைதானே?" என்று நாத்தனார் கேட்பார். கேட்கட்டும். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள், ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 விழுக்காடு. அதாவது, ஒரு குழந்தைக்கு முதல் தமிழ் வாக்கியம் பாட்டியிடமிருந்து கிடைத்த காலம் போய், பாலர் பள்ளி ஆசிரியையிடமிருந்து கிடைக்கும் வீடுகள் கூடிவருகின்றன. கல்வி அமைச்சே 2014 முதல் தன் சொந்தப் பாலர் பள்ளிகளை நடத்துகிறது, அங்கே சீனம், மலாய், தமிழ் என மூன்று தாய்மொழிகளும் உண்டு. தமிழ் சொல்லித்தரத் தெரிந்து, சின்னப் பிள்ளையையும் தெரிந்தவர் கிடைப்பது அரிது. ஒன்று தெரிந்தவர் நிறைய, இரண்டும் தெரிந்தவர் கொஞ்சம்.

செலவு: குடியுரிமை உள்ள மாணவருக்கு பலதுறைத் தொழிற்கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 வெள்ளி. அதை அவள் பெயரில் இருக்கும் உயர்நிலைக்குப் பிந்தைய கல்விக் கணக்கிலிருந்து கட்டலாம். பள்ளிப் பருவத்துக்கான எடுசேவ் கல்விக் கணக்கில் மிச்சமிருப்பதும் அதில்தான் போய்ச் சேரும். பாலர்பருவ மேம்பாட்டு அமைப்பு பாலர் கல்வி படிப்பவர்களுக்குப் பயிற்சி விருதுகள் தருகிறது: கட்டணத்தை ஏற்றுக்கொண்டு மாதப்படியும் கொடுத்து, படித்து முடித்ததும் சில ஆண்டு அந்தத் துறையில் வேலை பார்க்கச் சொல்வார்கள். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எத்தனை ஆண்டு, நடுவில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இலவசம் என்று யார் சொன்னாலும் ஒப்பந்தக் காகிதத்தைப் படிக்காமல் கை வைக்கக் கூடாது, அது அரசாங்கக் காகிதமாக இருந்தாலும் சரி.

சேருவதற்கு ஓ நிலை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டு நடுவில் ஈஏஇ என்ற முன்கூட்டிய சேர்க்கை வருகிறது. மூன்று படிப்புகள் வரை தேர்ந்தெடுக்கலாம். மதிப்பெண்ணோடு ஈடுபாட்டையும் பார்ப்பார்கள், நேர்காணல் இருக்கும். நான்கு ஆண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அங்கே நிற்கும். படமெடுத்து வைத்திருக்கிறாளா, எழுதி வைத்திருக்கிறாளா என்று கேளுங்கள். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் சிறுவர் நிகழ்ச்சிகள் நடக்கும், போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், தொண்டூழியம் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு எச்சரிக்கை: ஈஏஇ மூலம் வரும் இடத்தை ஏற்றுக்கொண்டு, குறைந்தபட்சத் தகுதியையும் எட்டிவிட்டால், ஓ நிலைக்குப் பிறகு நடக்கும் பொதுச் சேர்க்கையில் வேறு படிப்புக்குத் தாவ முடியாது. எனவே வீட்டில் பேச வேண்டியதை அதற்கு முன்பே பேசி முடியுங்கள். வேதியியலை விட்டுவிடச் சொல்லவில்லை, ஆனால் அந்த ஒரு டியூஷனை நிறுத்தி அந்த நேரத்தை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஆங்கில மதிப்பெண் கணக்கில் வந்தே தீரும்.

டிப்ளோமாவோடு நின்றுவிடுமா என்று உங்கள் கணவர் கேட்பார். விரும்பினால் தேசியக் கல்விக் கழகம் வழியாகத் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியராகலாம். வேலை பார்த்துக்கொண்டே சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் இளங்கலையோ பாலர் கல்விப் பட்டமோ படிக்கலாம்.

இனிப்பு தடவிச் சொல்ல மாட்டேன். மருத்துவர் சம்பளம் வராது. தொண்டை கட்டும். ஒரு வகுப்பில் ஒருவன் அழுவான், ஒருத்தி கழிவறைக்குப் போக வேண்டும் என்பாள், மூன்றாமவன் பசையைத் தின்றுகொண்டிருப்பான். கல்யாண வீட்டில் "மகள் என்ன படிக்கிறாள்" என்று கேட்பவர்கள் பதிலைக் கேட்டதும் பேச்சை மாற்றுவார்கள். ஆனால் அந்த வலி உங்களுக்கு, அவளுக்கு இல்லை. நான் தனியே கேட்டேன், நீங்கள் வெளியே தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது. "மெடிசின் வேண்டாம்னு சொன்னா சாமிக்கு அம்மா செஞ்ச வேண்டுதலைக் கெடுத்ததா ஆயிடுமா சார்?" என்றாள். பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் இந்த டப்பாவை ஏற்றியது யார்?

பக்தியை நான் குறை சொல்லவில்லை. சொல்லப்போனால், அவளுக்கு இந்தக் கை வந்ததே உங்கள் வீட்டிலிருந்துதான். சாயங்காலம் விளக்கேற்றி அப்பா சிவபுராணம் சொல்வது, பாட்டி அதே பிட்டுக் கதையைப் படுக்கையில் நூறு தடவை சொன்னது, ஒவ்வொரு தடவையும் ஏதாவது மாற்றிச் சொன்னது. அவள் அதைத்தான் திரும்பச் செய்கிறாள். நீங்கள் மூன்று பேரும் பன்னிரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து ஓர் ஆசிரியையை வளர்த்துவிட்டு, இப்போது ஏன் மருத்துவராகவில்லை என்று கேட்கிறீர்கள்.

இரண்டு வேலை தருகிறேன். வரும் ஞாயிறு நீங்களும் கணவரும் யீஷூன் வீட்டிலிருந்து அவளோடு கிளம்பிப் போய், வகுப்பில் கடைசிப் பாயில் உட்காருங்கள். கைப்பேசி வேண்டாம். இரண்டாவது, ஏன் இந்தப் படிப்பு என்று அவளையே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், முதலில் தமிழில் எழுதட்டும், ஆங்கிலத்துக்கு மாற்றுவதை நாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதை நீங்கள் திருத்த வேண்டாம், எனக்கு அப்படியே அனுப்புங்கள்.

வேண்டுதலை மாற்றிக்கொள்ளலாமா என்பதை அந்தக் குருக்களிடம்தான் கேட்க வேண்டும். பதினான்கு பிள்ளைகளும் ஒன்றாகக் கத்திய அன்று ஓடிவந்து பார்த்தவர் அவர், நல்ல பதிலாகவே சொல்வார் என்று நினைக்கிறேன். நாத்தனார் கேட்டால் என் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பிறகு சும்மாதான் இருப்பேன்.