கேம் டப்பாவுக்குள் இருந்த அந்தச் சின்னப் புத்தகம்: வாசகர் கேள்வி-பதில்

வீடியோ கேம் டப்பாவோடு வந்துகொண்டிருந்த அச்சுக் கையேடு பற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். மலை ஊர்களில் காகிதத்துக்கு முதல் எதிரி ஓதம். அதனால் அந்தக் கேள்விக்குக் கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

மகனுக்குப் புது கேம் டிஸ்க் வாங்கிக் கொடுத்தேன். டப்பாவைத் திறந்தால் டிஸ்க்கும் ஒரு துண்டுச் சீட்டும்தான் இருக்கின்றன. என் தம்பி வைத்திருந்த பழைய கேம்களில் புத்தகம் இருக்குமே, கடைக்காரர் எடுத்துவிட்டாரா?
- வாசகி, குன்னூர்

எடுக்கவில்லை. இப்போது வரும் டப்பாக்களில் பெரும்பாலானவற்றில் புத்தகமே வைப்பதில்லை. மூடியின் உள்பக்கம் இடப்புறத்தில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் கொக்கிகள் தெரிந்தால், அவை புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள வைத்தவை. துண்டுச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அது வலிப்பு நோய் பற்றிய எச்சரிக்கையாகவும் இருக்கலாம், ஒருமுறை மட்டுமே செல்லும் குறியீட்டு எண்ணாகவும் இருக்கலாம். எண்ணாக இருந்தால் தொலைத்தபின் திரும்பக் கிடைக்காது.

பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட், பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகிய கேம் கருவிகளுக்கான கேம்களில் காகிதக் கையேட்டை நிறுத்துவதாக 2010 ஏப்ரலில் அறிவித்தது. ஒரு டன் கையேட்டுக் காகிதத்துக்கு 13 மரங்கள் போகின்றன என்று அப்போது கணக்கும் சொன்னது. மரம் மிச்சம் என்பது நல்ல காரணம்தான். அதோடு அச்சுக்கூலியும் மடிப்புக்கூலியும் மிச்சமாயின. வேறொரு சிக்கலும் இருந்தது. கேம் முடிவதற்குப் பல வாரங்கள் முன்பே கையேடு அச்சுக்குப் போயாக வேண்டும். கடைசி நேரத்தில் ஒரு பட்டனின் வேலையை மாற்றினால் அச்சிட்டது தப்பாகிவிடும். இணையம் வழியாக அப்டேட் வரத் தொடங்கியதும் இந்தத் தப்பு இன்னும் பெருகியது. ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ, தன் கேம் கருவிகளான 3டிஎஸ்ஸில் 2011-இலும் வீ யூவில் 2012-இலும் கையேட்டைத் திரைக்குள் கொண்டுபோனது. 2017-இல் வந்த அவர்களின் ஸ்விட்ச் கருவியில், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிதான கேம் அட்டையை உள்ளங்கையைவிடப் பெரிய டப்பாவில் தனியாகப் படுக்க வைத்துவிட்டார்கள்.

எங்களைக் கேட்டால் இது இழப்புதான். கோவையில் கேம் வாங்கிக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும் பிள்ளைக்கு, வளைவு வளைவாக ஏறிக் குன்னூர் வந்து சேரும்வரை அந்தப் புத்தகம்தான் துணை. வீட்டுக்கு வந்து டிவியைப் போடும் முன்பே எந்தப் பட்டன் குதிப்பதற்கு, எந்த எதிரியை எப்படி அடிக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடமாகியிருக்கும்.

கையேடு இல்லாவிட்டால் சில பழைய கேம்களை முடிக்கவே முடியாது என்கிறார்களே?
- வாசகர், ஊட்டி

உண்மை. 1990-களில் நம்மூர்க் கம்ப்யூட்டர் சென்டர்களில் எல்லோரும் ஆடிய பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை நினைத்துப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டர்களுக்கான டாஸ் பதிப்பில் முதல் கட்டம் முடிந்ததும் எழுத்துகளுக்குக் கீழே வரிசையாகக் குப்பிகள் நிற்கும். கையேட்டின் இத்தனாவது பக்கம், இத்தனாவது வரி, இத்தனாவது சொல்லின் முதலெழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடி என்று திரை கேட்கும். காசு கொடுத்து வாங்கியவரிடம்தான் புத்தகம் இருக்கும் என்பது கணக்கு. 1990-இல் வந்த ஸ்டார்டிராபிக்ஸ் என்ற கேம் இன்னும் ஒரு படி மேலே போனது. டப்பாவோடு வந்த கடிதத்தைத் தண்ணீரில் நனைத்தால்தான், ஆட்டத்தைத் தொடரத் தேவையான 747 என்ற எண் தெரியும். 1998-இன் மெட்டல் கியர் சாலிட் கேமில் மெரில் என்ற பாத்திரத்தை அழைக்க வேண்டிய அலைவரிசையான 140.15, சிடி டப்பாவின் பின்னட்டையில் இருந்தது. காப்பி சிடி வாங்கியவர்கள் அங்கே மாட்டிக்கொண்டார்கள்.

இந்தக் கேம்களை வைத்திருப்பவர்கள் எண்ணை ஒரு சீட்டில் எழுதி டப்பாவுக்குள் போட்டு வையுங்கள். கடிதத்தை இனி நனைக்காதீர்கள்.

2022-இல் வந்த டியூனிக்கையும் பாருங்கள். அதில் கையேட்டின் பக்கங்கள் கேமுக்குள்ளேயே சிதறிக் கிடக்கும், ஒவ்வொன்றாகப் பொறுக்கித்தான் ஆட்டத்தையே புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் புத்தகத்தை நேசித்தவர்கள் செய்த கேம் என்பது பார்த்தாலே தெரியும்.

ஜூன் மழையில் அலமாரியின் பின்சுவர் ஓதம் கண்டு பிளேஸ்டேஷன் 2 டப்பாக்கள் நனைந்துவிட்டன. இரண்டு கையேடுகள் இன்னும் ஈரமாக இருக்கின்றன. ஒன்று காய்ந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. வேறு சிலவற்றில் கறுப்புப் புள்ளிகள். விறகடுப்பு மேடையில் வைத்துக் காயவிடலாமா?
- வாசகர், கூடலூர்

அடுப்பு வேண்டாம், வெயிலும் வேண்டாம். ஈரமாக இருப்பவற்றை இன்றே கவனியுங்கள். கையேடுகள் பெரும்பாலும் ஆர்ட் பேப்பரில் அச்சானவை. அந்தப் பளபளப்பு, காகிதத்தின்மேல் பூசிய களிமண்ணும் பசையும். நனைந்தால் பூச்சு இளகி எதிர்ப்பக்கத்தோடு சேரும், காயும்போது அப்படியே இறுகிவிடும். சூடு காட்டினால் இன்னும் சீக்கிரம் இறுகும். ஆகவே பக்கங்களை ஈரமாக இருக்கும்போதே பிரித்தாக வேண்டும். 48 மணி நேரம் தாண்டினால் பூஞ்சையும் பிடிக்கத் தொடங்கும்.

டப்பாவிலிருந்து புத்தகத்தை எடுத்து மேஜையில் வெள்ளைத் துணிமேல் வையுங்கள். ஜவுளிக்கடைகளில் கொடுக்கும் நான்-ஓவன் பை வெள்ளையாக இருந்தால் அதைப் பக்க அளவுக்கு வெட்டி ஒவ்வொரு விரிப்புக்கும் (எதிரெதிரே இருக்கும் இரண்டு பக்கங்களுக்கு) நடுவில் ஒன்று வையுங்கள். சாயப் பை கூடாது, நிறம் இறங்கும். செய்தித்தாளும் கூடாது, அதன் மை ஈரக் காகிதத்தில் ஒட்டும். ஒரு பக்கம் வர மறுத்தால் இழுக்காதீர்கள், மூலையிலிருந்து துணித்துண்டை மெல்ல நுழைத்தாலே பெரும்பாலும் பிரிந்துவிடும். மின்விசிறியைப் புத்தகத்தின்மேல் திருப்பாமல் அறைக்குள் காற்று சுற்றும்படி வையுங்கள். முதல் நாள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை துண்டுகளை மாற்றுங்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கும்வரை உள்ளே ஈரம் இருக்கிறது. அது போனபின் இரண்டு வெள்ளை அட்டைகளுக்கு நடுவில் 3 அல்லது 4 கிலோ பாரத்தின் கீழ் ஒரு வாரம் விடுங்கள், நெளிவு அடங்கும்.

இன்று நேரமில்லை என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்திருக்கும்வரை ஒட்டவும் ஒட்டாது, பூஞ்சையும் வளராது. முடிந்தபோது ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பிரிக்கலாம்.

காய்ந்து ஒட்டியதைக் கத்தியால் நெம்பினால் படம் பிய்ந்து எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். ஆவி காட்டினாலும் பூச்சுதான் கரையும். அதை அப்படியே பத்திரப்படுத்தி, ஒட்டிய பக்கங்களுக்கு மட்டும் நகல் தேடிக்கொள்ளுங்கள்.

கறுப்புப் புள்ளி பூஞ்சை. ஈரமாகத் துடைத்தால் தேய்ந்து பரவும். நன்றாகக் காய்ந்தபின் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் தையல் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். கறை நிற்கும், அதை விட்டுவிடுங்கள். சானிடைசர், டெட்டால், பிளீச்சிங் எதுவும் வேண்டாம், அச்சு மை கரையும், காகிதம் நைந்துபோகும்.

ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் நடு விரிப்பைத் திறந்து, மடங்கிய கால்களைத் தட்டையான சின்ன ஸ்க்ரூடிரைவரால் நிமிர்த்தி, வெளிப்பக்கமாக உருவுங்கள். பின் பிடுங்கும் கருவி காகிதத்தைக் கிழிக்கும். அதே இரண்டு ஓட்டைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து உள்பக்கம் முடிச்சுப் போட்டால் போதும். நூல் துருப்பிடிக்காது.

இனி வைக்கும் இடம். சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. குளிர்ந்த வெளிச்சுவரில்தான் மூடுபனியின் ஈரம் முதலில் இறங்கும். ரப்பர் விளிம்புள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டிக்கு ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகள் 200 கிராம் போடுங்கள். கூடவே சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று வையுங்கள். 45 முதல் 55 சதவீதம் நல்லது, 65-ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மீட்டர் சரியா என்று சமையல் உப்பை வைத்தே பார்க்கலாம். ஒரு மூடியில் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் இனி 5 கழித்துப் படியுங்கள். சிலிகா ஜெல்லின் ஆரஞ்சு மணிகள் ஈரம் குடித்துப் பச்சையானால் ஓவனில் 110 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் சூடாக்கினால் பழையபடி வேலை செய்யும். கூடலூருக்கு மே கடைசியிலும், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் செப்டம்பர் கடைசியிலும் இதைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் பல வீடுகளில் அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிடுவது வழக்கம். இப்போதைய எல்இடி பல்பு அந்தச் சூட்டைத் தராது. பழைய பல்போ காகிதத்துக்குப் பக்கத்தில் ஆபத்து. அந்துருண்டையும் பயன்படாது. அது பூச்சிக்கானது, அதன் ஆவி சிடி டப்பாவின் பிளாஸ்டிக்கை இளக்கும்.

பழைய கேம் வாங்கும்போது கையேடு அதே கேமுடையதுதானா என்று எப்படிப் பார்ப்பது?
- வாசகர், குன்னூர்

பிளேஸ்டேஷன் டிஸ்க்கின் முகப்பில் எஸ்எல்இஎஸ் அல்லது எஸ்எல்யூஎஸ் என்று தொடங்கும் எண் இருக்கும். பெரும்பாலும் கையேட்டின் அட்டையிலும் அதே எண் இருக்கும், இரண்டையும் ஒப்பிடுங்கள். முன்னது ஐரோப்பியப் பதிப்பு, பின்னது அமெரிக்கப் பதிப்பு. ஐரோப்பியக் கையேட்டில் பல மொழிகள் சேர்ந்திருப்பதால் தடிமனாகத் தெரியும், ஆனால் ஆங்கிலப் பகுதி சில பக்கங்களே இருக்கும். நடு விரிப்பு கழன்று காணாமல் போயிருக்கிறதா என்றும் பக்க எண்களைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

தொலைந்த கையேட்டின் ஸ்கேன் கிடைத்திருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் புத்தகமாக்க முடியுமா?
- வாசகர், கோத்தகிரி

முடியும். இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் பழைய கையேடுகள் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு அச்சிடுங்கள், அசல் என்று சொல்லி விற்காதீர்கள்.

முதலில் டப்பாவை அளந்துகொள்ளுங்கள். டிவிடி டப்பாவுக்குப் பக்கம் சுமார் 120 × 180 மி.மீ. வரும். இரண்டு பக்க விரிப்பு 240 × 180 மி.மீ. என்பதால் ஏ4 தாளில் அடங்கும். சிடி டப்பாவுக்கு 120 × 120 மி.மீ. மொத்தப் பக்கங்கள் 4-ஆல் வகுபட வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கம் சேருங்கள். 28 பக்கம் என்றால் 7 தாள். முதல் தாளின் ஒரு புறம் 28-உம் 1-உம், மறுபுறம் 2-உம் 27-உம். எந்தப் புறத்திலும் இரண்டு எண்களைக் கூட்டினால் 29 வர வேண்டும். வராவிட்டால் வரிசை தப்பு. பிடிஎஃப் திறக்கும் மென்பொருளிலேயே புக்லெட் அச்சு என்று இருக்கும், அது இந்த வரிசையைத் தானே போடும்.

கடையில் வழக்கமாக இரண்டு தப்புகள் நடக்கும். தாளுக்குப் பொருத்து என்ற அமைப்பை மாற்றாமல் அப்படியே விட்டால் அளவு மாறி டப்பாவில் நுழையாது. அசல் அளவு, 100 சதவீதம் என்று சொல்லுங்கள். இரண்டாவது, மறுபுறம் தலைகீழாக வருவது. குறுகிய விளிம்பில் திருப்பும்படி அமைக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு தாளை மாதிரி எடுத்து மடித்துப் பார்த்துவிட்டு மற்றதைப் போடுங்கள். உள்பக்கத்துக்கு 100 ஜிஎஸ்எம் (காகிதத்தின் கனத்தைச் சொல்லும் அளவு), அட்டைக்கு 170 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர் போதும். அட்டையில் ஸ்கேல் வைத்து மடிப்புக் கோட்டை அழுத்தித் தடம் போட்டபின் மடியுங்கள், இல்லையென்றால் மடிப்பில் மை வெடிக்கும்.

நீளக் கை ஸ்டேப்ளர் இல்லையென்றால் தெர்மாகோல்மேல் தாள்களை விரித்து, ஸ்டேப்ளரைத் திறந்து முதுகுக் கோட்டில் குத்தி, கால்களைக் கையால் மடக்கலாம். தைத்தபின் நடுத்தாள்கள் வெளியே துருத்தும். ஓரத்தைக் கடைசியில்தான் வெட்ட வேண்டும்.

நீங்களே ஸ்கேன் செய்வதானால் 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வையுங்கள். அச்சுப் புள்ளிகளால் அலை அலையாகக் கோடு விழுந்தால் ஸ்கேனர் மென்பொருளில் அந்தக் கோடுகளைக் குறைக்கும் டிஸ்க்ரீன் வசதியைப் போடுங்கள். மூடியை அழுத்தி முதுகை உடைத்துவிடாதீர்கள்.

எங்கள் ஊரில் இணையம் வருவதே அபூர்வம். கையேடு இல்லாத புது கேமைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
- வாசகி, கொடைக்கானல் மேல்மலை

நீங்களே ஒரு அட்டை எழுதலாம். கேமை நிறுத்தி அமைப்புகளுக்குள் கன்ட்ரோல்ஸ் பக்கத்தைத் திறந்து போனில் படம் எடுங்கள். கன்ட்ரோலரின் உருவத்தைக் கோடாக வரைந்து ஒவ்வொரு பட்டனுக்கும் தமிழில் ஒரு சொல் எழுதுங்கள்: குதி, அடி, எடு, ஓடு. பின்புறம் சேமிப்பு எப்படி நடக்கிறது என்று எழுதுங்கள். மூலையில் சுழலும் சின்னம்தான் சேமிப்புக் குறி என்றால் அதையும் வரைந்து காட்டுங்கள். அது சுழலும்போது கரண்ட் போனால் சேமித்தது கெடலாம், அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் பிள்ளைகளுக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான். மழையும் காற்றும் பலமாக இருக்கும் நாளில் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் சேமிக்கச் சொல்லுங்கள். டவுனுக்குப் போய் அப்டேட் போட்டு வந்தால் பட்டன்கள் மாறியிருக்கின்றனவா என்று ஒருமுறை சரிபாருங்கள், பென்சிலில் எழுதியிருந்தால் திருத்துவது சுலபம்.

டப்பாவை அளந்து அதற்கேற்ப அட்டையை வெட்டுங்கள். கொக்கிகள் இருக்கும் டப்பாவானால் அவற்றுக்கு அடியில் செருகி வைக்கலாம்.