குழந்தை தன் உடையைத் தானே தேர்ந்தெடுக்கும்போது: ஒரு மழலையர் ஆசிரியையின் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. கோடு போட்ட கால்சட்டை, அதன்மேல் புள்ளி போட்ட கவுன், அதற்கும் மேல் அண்ணனின் பனியன். காலுறை இரண்டும் இரண்டு நிறம். மாற்றச் சொன்னால் தரையில் புரண்டு அழுகிறாள். விட்டுவிடுவதா, கண்டிப்பதா டீச்சர்?

பதில்: விட்டுவிடுங்கள். எது எதோடு பொருந்தும் என்பது நாம் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டது. அவளுக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. அதற்கு அவசரமும் இல்லை. புள்ளி பிடிக்கும், கோடு பிடிக்கும், அண்ணனைப் பிடிக்கும். மூன்றையும் ஒன்றாக உடுத்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

குழந்தைக்குத் தெரியாமல் மூக்கில் சிவப்பைத் தடவிக் கண்ணாடிமுன் நிறுத்தும் சோதனை ஒன்று உண்டு. பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற உளவியலாளர் 1972-இல் அதை வெளியிட்டார். ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள்தான் பெரும்பாலான பிள்ளைகள் கண்ணாடியைப் பார்த்துத் தங்கள் மூக்கைத் தொடுகிறார்கள். அப்படியென்றால், 'அங்கே தெரிவது நான்' என்று உங்கள் மகள் அறிந்தே ஓராண்டு, ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருக்கும். அந்த 'நான்' எப்படி இருக்கவேண்டும் என்பதில் அவளுக்கு ஆசை இருக்காதா?

வெயில், மழை, குளிர், பாதுகாப்பு ஆகியவற்றை நீங்கள் முடிவு செய்யுங்கள். அதற்குள் எதை உடுத்துவது என்பது அவள் முடிவாக இருக்கட்டும். பருவத்துக்கு ஒவ்வாத துணிகளை அவள் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டால் பாதிச் சண்டை நின்றுவிடும். 'எதைப் போட்டுக்கொள்கிறாய்?' என்று முழு அலமாரியையும் திறந்துவிடாதீர்கள்; அந்த வயதில் திணறிப்போவார்கள். இரண்டை எடுத்துக் காட்டி, 'இதுவா, அதுவா?' என்று முதல் நாள் இரவே கேட்டு வைத்துவிடுங்கள். காலை நேரம் பேரம் பேச ஏற்றதல்ல.

கேள்வி: ஐந்து வயது மகள் ஒரு வாரமாக மேலங்கியும் முகமூடியுமாகத்தான் திரிகிறாள். கழற்றவே மறுக்கிறாள்.

பதில்: திரியட்டும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் சலிப்பூட்டும் வேலை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். பேட்மேன் போன்ற ஒரு பாத்திரமாகத் தங்களை நினைத்துக்கொண்ட பிள்ளைகளே அதில் அதிக நேரம் நிலைத்திருந்தார்கள். வேடம் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே தெம்பு தருகிறது. உறங்கும்போதும் சறுக்குமரத்தில் ஏறும்போதும் மட்டும் மேலங்கியைக் கழற்றிவிடுங்கள். கழுத்தில் கட்டியது எங்காவது மாட்டிக்கொண்டால் ஆபத்து. துவைப்பதற்கு இரவு இருக்கிறது.

கேள்வி: நான்கு வயது மகளின் தந்தை நான். எல்லா நிறத்திலும், எல்லா விதத்திலும் பார்த்துப் பார்த்துத்தான் உடை வாங்கினோம். இப்போது இளஞ்சிவப்பும் ஜிகினாவும் தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறாள். எங்கே தவறினோம்?

பதில்: நீங்கள் எங்கும் தவறவில்லை. ஏழு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளிடம் வெவ்வேறு நிறப் பொருள்களை நீட்டிப் பார்த்த ஆய்வு ஒன்றை வனெசா லோபு, ஜூடி டிலோச் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2011-இல் வெளியிட்டார்கள். கைக்குழந்தைகளிடம் இளஞ்சிவப்பின் மேல் இந்த நாட்டம் இல்லை. இரண்டு வயதில் தலைகாட்டி, இரண்டரை வயதில் பெண்குழந்தைகளிடம் தெளிவாகிறது. அதே காலத்தில் ஆண்குழந்தைகள் அந்த நிறத்திலிருந்து விலகத் தொடங்குகிறார்கள்.

'நான் ஒரு பெண்' என்று குழந்தை அறிந்துகொள்ளும் வயது இது. ஆனால் அது மாறாது என்பது இன்னும் உறுதிப்படவில்லை. முடியை ஒட்ட வெட்டினால் பையனாகிவிடுவோமோ என்று மனதார நம்பும் பிள்ளைகளை நான் வகுப்பில் பார்க்கிறேன். ஆகவே, கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அடையாளத்தை இறுகப் பற்றிக்கொள்கிறார்கள். ஆறேழு வயதில் அந்த உறுதி வந்ததும் பெரும்பாலும் பிடி தளரும். இளஞ்சிவப்பே ஆகாது என்று தூக்கி எறியும் சிறுமிகளும் உண்டு.

நிறத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி: அந்தக் கவுனில் அவளால் ஏற, ஓட, மண்ணில் உட்கார முடிகிறதா? 'அழுக்காகிவிடும், ஓரமாக நில்' என்ற சொல் அந்த உடையோடு ஒட்டிக்கொண்டு வரக்கூடாது. அழுக்கானால் ஆகட்டும்.

கேள்வி: மூன்றரை வயது. காலுறை போட்டால் 'குத்துகிறது' என்று கழற்றி எறிகிறாள். அடமா?

பதில்: பெரும்பாலும் அடமல்ல. விரல் நுனியில் வரும் தையலும் கழுத்துப் பட்டையின் லேபிளும் சில குழந்தைகளை உண்மையாகவே உறுத்தும். காலுறையைப் புறம் திருப்பிப் போடுங்கள். லேபிளை ஒட்ட வெட்டுங்கள். புதுத் துணியைத் துவைத்தபின் கொடுங்கள். தலைசீவுதல், நகம் வெட்டுதல், உணவின் பதம் என எல்லாவற்றிலும் இதே தொல்லை இருந்து அன்றாடமே சிக்கலானால் குழந்தைநல மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நான் பாட்டி. ஐந்து வயதுப் பேத்தி நொடிக்கொரு முறை 'நான் அழகாக இருக்கிறேனா?' என்கிறாள். என்ன சொல்வதம்மா?

பதில்: 'இருக்கிறாய்' என்று உடனே சொல்லுங்கள் அம்மா. கேட்ட குழந்தையிடம் அந்தச் சொல்லைப் பிடித்து வைக்கவேண்டாம். பிறகு, 'இந்தப் பச்சையை எப்படித் தேர்ந்தெடுத்தாய்?' என்று கேளுங்கள். அவள் பேசத் தொடங்கிவிடுவாள். வந்தவர் போனவர் எல்லாரும் அவள் தோற்றத்தை மட்டுமே பாராட்டினால், அதைக் கேட்டுப் பெறுவதே வேலையாகிவிடும். நீங்களாவது அவள் ரசனையைப் பாராட்டுங்கள்.

கேள்வி: உயர்ந்த குதிகால் செருப்பு, மணிமாலை எல்லாம் கேட்கிறாள். வயது நான்கு.

பதில்: வீட்டுக்குள் உங்கள் செருப்பில் சற்று நேரம் விளையாடுவதில் கெடுதி இல்லை. வெளியே அணிய வேண்டாம். பாத எலும்புகள் பதின்வயதிலும் வளர்ந்துகொண்டிருப்பவை. மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை இருந்தால் சிறுமணிகள் வேண்டவே வேண்டாம், தொண்டையில் சிக்கிவிடும். மலிவான உலோக நகைகளில் ஈயமும் நிக்கலும் இருக்கக்கூடும். முக்காட்டு நாடா வைத்த சட்டைகளையும் தவிருங்கள்: ஏழு வயதுக்கு உட்பட்டோர் உடைகளில் முக்காட்டிலும் கழுத்திலும் இழுகயிறு கூடாது என்கிறது ஐரோப்பியத் தரவிதி.

கேள்வி: அவளே தேர்ந்தெடுத்த உடையைப் பார்த்து வகுப்பில் சிரித்துவிட்டார்கள். இனி அதைத் தொடமாட்டேன் என்கிறாள். 'நீ தைரியமாகப் போட்டுக்கொண்டு போ' என்று சொல்லலாமா?

பதில்: வேண்டாம். அந்த தைரியம் நமக்குத் தேவைப்படுகிறது, அவளுக்கு அல்ல. 'சிரித்தது வலித்ததா?' என்று கேட்டு, அவள் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். உடையை மடித்து வையுங்கள், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வகுப்பு ஆசிரியையிடம் நடந்ததைச் சொல்லுங்கள். சிரித்த பிள்ளைகளோடு பேசவேண்டியது அவர் பொறுப்பு. நாளைக்கு எல்லாரையும் போல் உடுத்த அவள் விரும்பினால், அதுவும் அவள் தேர்வுதான்.